எங்கிருந்து, எதுவரை

தாராவி
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கை நடுக்கம் குறைந்ததா, சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதே அவள்தான். ஆனால் உன்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க மாட்டாள், அழுவாள். அதனால் நான் எழுதித் தருகிறேன். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம். அம்மாவே போகட்டும். எனக்கு நேரில் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும்.

பஞ்சாபகேசன் சாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு டைஃபாய்டு, மாட்டுங்கா ஆபீஸுக்கு வர முடியாது, வீட்டிலிருந்தே வேலை செய்வாய். உன் போனிலிருந்து நீ எழுதுகிற மாதிரியே எழுதினேன். நம்பிவிட்டார். நீ பாதியில் விட்ட புரோகிராமை முடித்து அனுப்பினேன். உனக்குக் கை நடுங்கிய நாட்களில் மாவு டிரம் மேல் லேப்டாப்பை வைத்து, நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேனே, அதே மாதிரிதான். சொல்வதற்கு மட்டும் நீ இல்லை.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர்கள். குப்பிகளுக்கு லேபிள் அடிக்கிற அவர்களுடைய பழைய புரோகிராம் பிஹெச்பியில் இருக்கிறது. அதை ஜாவாவில் மாற்றி எழுதி ஜூலை பத்துக்குள் தர வேண்டும். உன் பக்கத்தில் உட்கார்ந்து பைத்தான் பழகிவிட்டேன். பிஹெச்பி படித்தால் புரிகிறது. ஜாவா தெரியாது.

முடியாது என்று எழுதிவிடலாம். ஆனால் போன தடவை, பழைய கம்பெனியில் வேலை போய்விட்டது என்று கேட்டதும் நீ அப்போது இருந்த குடிமறப்பு இல்லத்தின் சுவர் ஏறிக் குதித்து வந்தாய். அதன் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. வெளியே வந்ததும் போய் உட்கார ஓர் இடம் இருந்தால்தான் நிற்பான் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அந்த இடம் மாட்டுங்காவில் உன் நாற்காலிதான். அது போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு, அது போதும்.

உன் தங்கை,
மாரி

*

தாணே
9 ஜூன்

மாரிக்கு,

நன்றாக இருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே எவ்வளவு நன்றாக என்று தெரியும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள், அதற்குள் எழுதுகிறேன்.

முதலில் இதைக் கேள். இன்றைக்குப் பிறகு மூன்று மாதம் யாரும் வந்து பார்க்க முடியாது. போன் கிடையாது. கடிதம் மட்டும்தான். அதையும் வார்டன் நம்பிராஜன் சார் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். ஆபீஸ், பணம், வீட்டுச் சண்டை, இந்த மூன்றும் கடிதத்தில் இருந்தால் நிறுத்திவிடுவார். அதையெல்லாம் கேட்டால் இங்கே இருக்கிறவனுக்கு ஓடத் தோன்றுமாம். எனக்குத் தோன்றியிருக்கிறது, அதனால் அவர் மேல் குற்றமில்லை.

ஆகவே நீ ஜாவா படிக்கிறாய். படிப்பைப் பற்றி எழுதலாம். வேலையைக் கொடுக்கிற நாளைப் பரீட்சை என்று எழுது. லேபிள் வேலை முழுக்க ஸ்டிரிங்தான். எழுத்துகளை ஒட்டுவது, வெட்டுவது, ஒப்பிடுவது. பயப்பட ஒன்றுமில்லை.

செய்யாதே என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்ல மாட்டேன் என்று உனக்கும் தெரியும்.

நாகராஜ்

*

தாராவி
21 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் இட்லிக் கூடையோடு தினமும் போகிறாள். நான் சுகம். உனக்கு அங்கே ஈரம் ஒத்துக்கொள்கிறதா?

ஜாவா படிக்கத் தொடங்கிவிட்டேன். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு பெயரைப் பெரிய எழுத்தாக மாற்றச் சொன்னேன். மாற்றவே இல்லை, பழையபடியே இருந்தது. பாதி நாள் போன பிறகுதான் புரிந்தது. பைத்தானிலும் இப்படித்தானே? ஸ்டிரிங்கை யாரும் மாற்ற முடியாது, புதிதாக ஒன்றைச் செய்து கையில் தரும், அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் வாங்காமல் விட்டிருக்கிறேன்.

எழுத்தோடு எண்ணை ஒட்டினால் பைத்தான் சண்டைக்கு வரும். ஜாவா ஒன்றும் சொல்லாமல் ஒட்டிவிடுகிறது. பிஹெச்பியில் ஒட்டுவதற்குப் புள்ளி, மற்ற இரண்டிலும் கூட்டல். இதெல்லாம் பழகிவிட்டது.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஒரே எழுத்துகள் இருக்கிற இரண்டு ஸ்டிரிங்கை ஒன்றா என்று கேட்டால் ஜாவா சில நேரம் இல்லை என்கிறது. ஏன்? இரண்டு, வெட்டுவது. பிஹெச்பியில் இரண்டு எண் கொடுக்கிறார்கள், எங்கிருந்து, எத்தனை எழுத்து. ஜாவாவிலும் இரண்டு எண்தான் கேட்கிறது. அதே இரண்டுதானா?

பரீட்சை வைக்கிறவர் நேற்று குரல் செய்தி அனுப்பினார். பேசு என்கிறார். தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதிப் போட்டேன். சீக்கிரம் பதில் எழுது.

மாரி

*

தாணே
28 ஜூன்

ஏட்டி மாரி,

நலம். காலையில் யோகா, பிறகு தோட்டத்தில் மண் கொத்துதல். இரண்டு கத்தரிச் செடி என் பொறுப்பு. அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

உன் முதல் சந்தேகம். தொண்ணூறு அடி ரோட்டில் நின்று நாகராஜ் என்று கத்தினால் நாலு பேர் திரும்புவார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு. ஜாவாவில் இரண்டு சமக்குறி போட்டால், இரண்டும் ஒரே ஆளா என்று கேட்கிறாய். உனக்கு வேண்டியது ஒரே பெயரா என்பது. அதற்கு ஈக்வல்ஸ் என்று தனியாக இருக்கிறது. பிஹெச்பிக்காரனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஜாவாவுக்கு வருகிற எவனும் இதில் ஒரு தடவை விழுவான்.

நல்ல வேளை உனக்கு சி மொழி வரவில்லை. அதில் ஸ்டிரிங் முடிகிற இடத்தில் ஒரு பூஜ்யம் இருக்க வேண்டும். அதை வைக்க மறந்தால் நிற்கவே நிற்காது, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும். நம்ம சால் வரிசை வீடுகளில் ராத்திரி வீடு மாறி நுழைகிற ஆள் மாதிரி. யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், சிரிக்காதே.

வெட்டுவது எல்லா மொழியிலும் ஒன்றுதான். எங்கிருந்து, எத்தனை. பிஹெச்பியில் இருக்கிற எண்களை அப்படியே எடுத்துப் போடு. இதிலெல்லாம் மண்டையை உடைக்காதே.

மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட சில நாள் நினைவில் இல்லை. இது மட்டும் அப்படியே நிற்கிறது பார்.

அண்ணன்

*

தாராவி
10 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கத்தரிச் செடிகள் எப்படி இருக்கின்றன? அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், நீ சொன்னாய் என்றதும் கேட்டுவிட்டாள். நான் சுகம்.

இன்று பரீட்சை எழுதிவிட்டேன். சோதித்துப் பார்த்த கேள்விகள் எல்லாம் சரியாக வந்தன. வெட்டுவதில் நீ சொன்னபடி பழைய எண்களையே போட்டேன், ஒரு தொந்தரவும் இல்லை. பரீட்சை வைத்தவர் 'குட்' என்று ஒரே வார்த்தை அனுப்பினார். அதை அம்மாவிடம் காட்டினேன். நாகராஜுக்கா சொல்கிறார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வேலை முடிந்த தைரியத்தில் ஒன்று செய்து பார்த்தேன். 'அம்மா' என்று தமிழில் எழுதி, எத்தனை எழுத்து என்று கேட்டேன். எனக்கு மூன்று. ஜாவா ஐந்து என்றது, பைத்தானும் ஐந்து. பிஹெச்பி பதினைந்து என்றது. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை எண்ணுகிறது போல. அம்மாவிடம் சொன்னேன். 'பதினஞ்சாட்டி? அப்ப நான் பெரிய ஆளுதான்' என்று மாவைத் தள்ளிக்கொண்டே சிரித்தாள். நீ போன பிறகு இன்றுதான் சிரித்தாள்.

சீக்கிரம் எழுது.

மாரி

*

தாராவி
27 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் தெரு முனையில் வரும்போதே எழுந்து நிற்கிறேன். அவரும் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

இங்கே நாங்கள் சுகம். படிப்பு நடக்கிறது.

பரீட்சை வைத்தவர் மூலம் ஒரு செய்தி கேள்விப்பட்டேன். செம்பூரில் சாதியா என்று ஒரு அக்கா. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் எடுத்திருக்கிறார். மாமியாருக்கு வர வேண்டிய ரிப்போர்ட் மருமகளுக்குப் போய்விட்டது. மருமகள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறவள். சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது என்று மாத்திரை தொடங்கிவிட்டார்கள். நல்லாயிருந்த பெண் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் திரும்ப ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. இப்போது பரவாயில்லையாம். குப்பியை மாற்றி வைத்தது சாதியாதான் என்று அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இல்லவே இல்லை என்கிறாராம்.

எனக்கு ஏன் இது மனதிலேயே நிற்கிறது என்று தெரியவில்லை.

அண்ணே, வெட்டுவதைப் பற்றி நீ எழுதியது உறுதிதானே? ஆமாம் என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

மாரி

*

தாராவி
4 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய வார்டன் சார் அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் என் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் இது உங்களுக்கு எழுதுகிற கடிதம். எப்படியும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். தங்கள் உடல்நலத்தை விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும், இன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

நான் ஜாவா படிக்கவில்லை சார். என் அண்ணனின் ஆபீஸ் வேலையை அவன் பெயரில் நான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பதினேழு வயது. பரீட்சை என்று எழுதியதெல்லாம் செம்பூர் லேப்புக்கு லேபிள் அடிக்கிற புரோகிராம்.

அந்த லேப்பில் ஒரு வீட்டுக்கு ஓர் எண். C04172 என்று இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தால் கடைசியில் A, B என்று ஆளுக்கு ஓர் எழுத்து சேரும். முன்னால் இருக்கிற C-யை விட்டுவிட்டு மீதியை லேபிளில் அடிக்க வேண்டும். பழைய பிஹெச்பியில் ஒன்று, ஆறு என்று இருந்தது. C-க்கு அடுத்த இடத்திலிருந்து ஆறு எழுத்து எடு என்று பொருள். நானும் ஜாவாவில் ஒன்று, ஆறு என்றே போட்டேன். ஜாவாவில் இரண்டாவது எண் எத்தனை என்பது இல்லை சார். எந்த இடம் வந்ததும் நிறுத்துவது என்பது. ஆறாவது இடத்துக்கு முன்னால் நின்றுவிடும். ஐந்து எழுத்துதான் வரும்.

ஒற்றை ஆள் வீட்டுக்கு ஐந்து எழுத்துதான் இருக்கிறது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒற்றை ஆள் வீடு. எல்லாம் சரியாக வந்தது. இரண்டு பேர் வீட்டில் A-யும் B-யும் விழுந்துவிட்டன. மாமியார் குப்பியிலும் மருமகள் குப்பியிலும் ஒரே லேபிள். சாதியா அக்கா குப்பியை மாற்றவில்லை.

நேற்று காலையில் நானே இரண்டு ஆள் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. லேபிள் அடிப்பதை நிறுத்துங்கள், பிழை என்னுடையது என்று பஞ்சாபகேசன் சாருக்கு உடனே மெசேஜ் போட்டேன். நிறுத்திவிட்டார்கள். ஆனால் நாகராஜ் பெயரில்தான் போட்டேன். திங்கட்கிழமை லேப்காரர்கள் வருகிறார்கள், நீ நேரில் வந்து சொல்லியே ஆக வேண்டும் என்று பதில் வந்தது.

நாளை நான் போகிறேன்.

போனால் என் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல வேண்டிவரும். அவன் வேலை போகும். அந்தச் செய்தியைக் கேட்டால் அவன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். போன தடவை வேறோர் இல்லத்திலிருந்து சுவர் ஏறிக் குதித்து வந்தவனை எட்டு நாள் கழித்து சயான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம்.

அவனுக்கு வேறு யார் மூலமாகவும் தெரியக் கூடாது. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

வணக்கத்துடன்,
செ. மாரிசெல்வி

*

தாணே
8 ஆகஸ்ட்

அன்புள்ள மாரிசெல்விக்கு,

நம்பிராஜன் எழுதுகிறேன். உனக்கும் தாயாருக்கும் எல்லாம் நலமாக இருக்க வேண்டும்.

இத்துடன் உன் அண்ணன் எழுதிய ஒரு கடிதத்தை வைத்திருக்கிறேன். தேதியைப் பார். ஜூலை மூன்று. அதில் ஆபீஸ் பெயர் இருந்தது, உங்கள் படிப்பு என்ன படிப்பு என்று அன்று புரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் என் மேசையில் நிறுத்திவிட்டேன். நீ எழுதாதது பற்றி அவன் தினமும் கேட்டான். மழையில் தபால் தாமதம் என்றேன். இங்கே இருபது பேரை நான் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் என்ன செய்தேன் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் கடிதங்களை எல்லாம் அவனிடம் கொடுத்தேன். எனக்கு எழுதியதையும் சேர்த்து. படித்து முடித்தான். எழுந்து கேட்டுக்குப் போனான்.

இதை எழுதும்போது அங்கேதான் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். மழை தூறுகிறது. இங்கே கேட்டைப் பூட்டுவதில்லை, அது எங்கள் வழக்கம். சுவர் ஏற வேண்டிய அவசியமே இல்லை. நானும் போய்க் கையைப் பிடிக்கப் போவதில்லை. தபால் எடுக்கிற ஆள் வந்துவிட்டார், இவ்வளவோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நம்பிராஜன்

*

தாணே
3 ஜூலை

மாரி,

நலம் விசாரிக்க நேரமில்லை. வெட்டுவதைப் பற்றி எழுதியது தப்பு. காலையில் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தேன். கயிறு கட்டி, இதுவரை கொத்து என்று தோட்டக்காரர் சொன்னார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து எழுதுகிறேன்.

பிஹெச்பியில் இரண்டாவது எண் எத்தனை. ஜாவாவில் எதுவரை. உதாரணத்துக்கு, பிஹெச்பியில் ஒன்று, ஆறு என்றால் ஜாவாவில் ஒன்று, ஏழு. அதோடு இன்னொன்று. பிஹெச்பியும் பைத்தானும் கேட்ட அளவு இல்லாவிட்டால் இருப்பதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஜாவா அப்படி விடாது, ஸ்டிரிங் முடிந்த பிறகும் இடம் கேட்டால் புரோகிராமே விழுந்துவிடும். நீளத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு வெட்டு.

கொடுத்துவிட்டாயானால் இன்றே பஞ்சாபகேசன் சாருக்கு மெசேஜ் போட்டு நிறுத்து. ரத்தக் குப்பி மாரி. விளையாட்டு இல்லை.

எல்லாம் அப்படியே நினைவில் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். நிற்கவில்லை.

நாகராஜ்

*

தாராவி
10 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமா என்று கேட்க வருகிறது. இந்தக் கடிதம் வரும்போது நீ அங்கே இருக்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது. வார்டன் சார் கடிதம் இன்று காலையில் வந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். நீ வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

லேப்டாப்பை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, அம்மாவின் இட்லிக் கூடையில் வைத்து நடந்தே போனேன். ஆபீஸ் படிக்கட்டில் ஏறி, இறங்கி, திரும்ப ஏறினேன். கீழே ஹோட்டலில் காபி ஆற்றுகிறவர், 'ஏம்மா, இட்லி இங்க வேண்டாம், நாங்களே போடறோம்' என்றார்.

உள்ளே பஞ்சாபகேசன் சார், லேப்பிலிருந்து வந்தவர், அப்புறம் கறுப்புப் பை வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு அக்கா. அது சாதியா என்று பார்த்ததுமே தெரிந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

'யாரும்மா நீ? நாகராஜ் எங்கே?' என்றார் சார்.

எனக்கு வாய் திறக்கவில்லை அண்ணே. எட்டாவதுக்கு மேல் தமிழ்ப் பள்ளி இல்லை என்று இந்திப் பள்ளிக்குப் போனேனே, அங்கே பெயர் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல வராமல்தானே நின்றேன். அப்படியே நின்றேன். லேப்டாப்பை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். C04172A என்று தட்டினேன். C04172B என்று தட்டினேன். இரண்டுக்கும் ஒரே லேபிள் வந்தது. அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'இதை எழுதினது நாகராஜ் இல்லையா?'

'நான்தான்' என்றேன். அது வந்துவிட்டது. பிறகு மற்றதும் வந்தது. நீ எங்கே இருக்கிறாய் என்பதையும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

'ரெண்டு மாசமா நான் யாரோட பேசிண்டிருந்தேன்?' என்றார். கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. 'தொண்டை கட்டியிருக்குன்னு நீதான் எழுதினயா? நான் கஷாயம் வெச்சுக் குடிடான்னு சொன்னேனே!' லேப்காரர் கத்தினார், போலீஸ் என்றார். சார் கையைக் காட்டி நிறுத்தினார். 'எங்க ஆபீஸ்லேர்ந்து போனது. நான் பாக்காம அனுப்பினேன். எங்கிட்ட பேசுங்கோ' என்றார்.

நான் சாதியா அக்காவிடம் போய் மாஃப் கரோ என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். 'பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் என் கையில ஊசி போட்டுக்க மாட்டேன்னு சொல்லிட்டா, தெரியுமா உனக்கு?' என்று இந்தியில் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, 'பைட் ஜா, விழுந்து வெக்காதே' என்று நாற்காலியை இழுத்தார்.

அது உன் நாற்காலி. நான் உட்காரவில்லை.

சாதியா அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜூலை பத்துக்குப் பிறகு இரண்டு பேரோ அதற்கு மேலோ கொடுத்த எல்லா வீட்டிலும் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். அவர்தான் போகிறார். புரோகிராமை அங்கேயே திருத்தினேன், நீளத்தைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்து என்று. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒற்றை வீடு, இரட்டை வீடு, ஐந்து பேர் வீடு என்று அவரே போட்டுப் பார்த்தார். பாராட்டவில்லை. 'இனிமே இந்த லேப்டாப்பைத் தொடாதே' என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

உன் வேலை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. படி இறங்கும்போது அவரே சொன்னார். 'அவன் முழுசா முடிச்சுண்டு வரட்டும். அவனே எங்கிட்ட வந்து சொல்லணும், நீ இல்லை. வேலை இருக்குன்னு நான் சொல்லலை. வரட்டும்ன்னுதான் சொல்றேன்.'

உன் நாற்காலியைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியிருந்தேன். முடியவில்லை. ஆனால் வேறு யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை மூன்று கடிதமும் படித்தேன். உன் மேல் கோபமில்லை. நீ சொன்னதை நான் ஒரு தடவை சோதித்திருக்கலாம். நீ சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வரி போடு. எங்கிருந்தாவது.

மாரி

*

தாணே
16 ஆகஸ்ட்

அன்புள்ள மாரிக்கு,

இங்கேதான் இருக்கிறேன். கடிதத்தின் மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். இங்கேதான் இருக்கிறேன். உடம்பு சுகம். நம்பிராஜன் சார் இதைப் பிரிக்கவில்லை, நானே ஒட்டினேன்.

அன்று கேட்டில் உட்கார்ந்திருந்தபோது எதிரே பஸ் நின்றது, போனது, அடுத்தது வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன கடை இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போய் உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் எழுந்தேன், அது நிஜம். ஆனால் மாட்டுங்கா வரைக்கும் நான் போய்ச் சேர மாட்டேன் என்பதும் நிஜம். ஒன்றோடு விட்டுவிடலாம், இரண்டோடு விட்டுவிடலாம் என்று எத்தனை என்பதைத்தான் நான் எப்போதும் எண்ணிக்கொண்டு போவேன். இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். பிறகு உள்ளே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பஞ்சாபகேசன் சாருக்கு நானே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வேலை கேட்கவில்லை. டைஃபாய்டு இல்லை என்று மட்டும் எழுதினேன். சாதியா அவர்களுக்கும் எழுத வேண்டும், இந்தியில் எழுத வரவில்லை, நீ உதவி செய்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. மூன்று என்றாலும் பதினைந்து என்றாலும் அவள் தாங்குவாள்.

செப்டம்பர் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். ஒருவரைத்தான் விடுவார்கள். இந்தத் தடவை அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல். நீ உள்ளே வா. பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, கத்தரிக்காய் இருக்கிறது, பறிக்கலாம்.

அண்ணன்
நாகராஜ்